சம்பள நாளும் வசூல் கணக்கும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நானகன் மனந்திரும்புதலைக் குறித்துப் பிரசங்கித்த நாட்களில், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று அவரிடம் கேட்டவர்களில் வரி வசூலிப்பவர்களும் போர்ச்சேவகர்களும் இருந்ததாக லூக்கா தம் சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். மக்களின் வெறுப்புக்கு ஆளாகியிருந்த அவர்களை யோவான் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டளையிடப்பட்டதற்கு மேல் எதுவும் வாங்காதீர்கள் என்று வசூலிப்பவர்களுக்கும், எவரையும் துன்புறுத்தாமலும் பொய்க்குற்றம் சாட்டாமலும் உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்று சேவகர்களுக்கும் சொன்னார். மனந்திரும்பியதற்கு அடையாளத்தை அவர் வசூல் கணக்கிலும் சம்பளத்திலும் தேடினார்.

நாமோ பெரும்பாலும் வேறு அடையாளங்களைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறோம். மேசையில் வேதவசனம் பதித்த நாட்காட்டி இருக்கும். அதே மேசையில் வாரக்கணக்கில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்பும் இருக்கும். ஜெபக்கூட்டத்துக்கென்று ஒருவர் முன்னதாகவே கிளம்பிவிட, அவருடைய மீதி வேலையைப் பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே முடிப்பதும் உண்டு. அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பிறகு சுவிசேஷம் சொல்வது சற்றுக் கடினம்தான்.

கொலோசெயர் நிருபத்தின் 3-ஆம் அதிகாரத்தில், பார்வைக்கு ஊழியம் செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று பவுல் சொல்லும்போது, அவர் அடிமைகளை நோக்கியே பேசுகிறார். பதவி உயர்வோ பாராட்டோ எதிர்பார்க்க வழியில்லாதவர்களிடம் சொல்லப்பட்ட சொல் அது என்பதை நினைவில் வைத்தால்தான் அதன் கனம் புரியும். மேலாளரின் காலடி ஓசை கேட்டதும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கணினியைப் பார்க்கும் பழக்கத்துக்கு, "பார்வைக்கு ஊழியம்" என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இதைவிடக் கடினமான சோதனை, தவறு நேர்ந்த வேளையில் வருகிறது. அறிக்கையில் ஒரு தொகை பிழையாகப் போய்விட்டது. யார் சரிபார்த்தது என்ற கேள்வி கூட்டத்தில் எழுகிறது. அன்றைக்கு விடுப்பில் இருக்கும் இளநிலை ஊழியரின் பெயரைச் சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். "நான்தான் பார்த்தேன், கவனிக்கத் தவறினேன்" என்று அந்த அறையில் சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தில், ஆண்டுக்கணக்கில் கேட்ட பிரசங்கங்கள் பரீட்சிக்கப்படுகின்றன.

உண்மையாயிருப்பவனுக்கு உடனே நன்மை வரும் என்று வேதம் சொல்வதில்லை. அரசாங்கத்தில் உயர் அதிகாரியாயிருந்த தானியேலின் அலுவல்களில் குற்றம் கண்டுபிடிக்க முடியாதவர்கள் அவருடைய ஜெபத்தையே குற்றமாக்கினார்கள். எகிப்தில் அடிமையாயிருந்து, எஜமானின் மனைவிக்கு இணங்க மறுத்த யோசேப்பு சிறைக்குப் போனார். அங்கே அவரால் நன்மை பெற்ற, அரசனுக்குப் பானம் பரிமாறும் பானபாத்திரக்காரன் விடுதலையானபின் இரண்டு வருஷம் அவரை மறந்தே போனான். பொய்க் கணக்கில் கையெழுத்திட மறுப்பவர் இதை அறிந்தே மறுக்க வேண்டும்.

இதுவரை வேலை செய்பவர்களைப் பற்றிப் பேசினேன். வேலை வாங்குகிறவர்களுக்கும் வேதத்தில் கட்டளை உண்டு. கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதுகிறார். வீட்டு வேலைக்கு வருபவரிடம் "நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது, அவருக்கு அன்று மாலை என்ன செலவு காத்திருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. அந்தப் பணம் அப்போது நம் பையில்தான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.