ஸ்டார் தொங்காத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறிவிடும். ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வருஷம் அங்கே ஒரு சாவு. சில வருஷங்களுக்கு முன்பு அந்த இருட்டு வீடு எங்களுடையது. அக்டோபரில் என் கணவர் தவறிப்போனார்.

ஒரு ராத்திரி, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவருகிற பஜனைக் குழு வந்தது. பக்கத்து வீட்டில் பாட்டு முடிந்தது. எங்கள் வாசலுக்கு வந்ததும் டிரம் சத்தம் நின்றது. சத்தமில்லாமல் கடந்துபோய், அடுத்த வீட்டில் மறுபடியும் தொடங்கினார்கள். துக்க வீடு என்று மரியாதையாகத்தான் செய்தார்கள். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு, கிறிஸ்துமஸே எங்களைத் தாண்டிப் போனதுபோல இருந்தது.

ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "அழாதீங்க டீச்சர், சார் ஆண்டவர்கிட்ட இருக்கிறார். நீங்க அழுதா சாட்சி கெட்டுப்போகும்" என்றார். முன்பாதியை நானும் நம்புகிறேன். பின்பாதிதான் ஒட்டவில்லை. இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தே கல்லறைக்குப் போன இயேசு, அங்கே அழுதாரே! பவுலும் தெசலோனிக்கேயருக்கு, நம்பிக்கையில்லாதவர்களைப்போலத் துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார். துக்கமே கூடாது என்று எழுதவில்லை.

நான் தமிழ் டீச்சர். நம் பழைய வேதாகமத்தில் ஒரு சொல் என்னை அந்த வருஷம் பிடித்துக்கொண்டது: 'துக்கங்கொண்டாடல்'. யோசேப்பு தகப்பனுக்காக ஏழு நாள் துக்கங்கொண்டாடினான் என்று ஆதியாகமத்தில் இருக்கிறது. பண்டிகைக்கும் துக்கத்துக்கும் நம் மொழியில் ஒரே வினைதான். நாள் குறித்து, நாலு பேர் கூடி, அதற்கென்று வீட்டில் இடம் ஒதுக்கிச் செய்கிற காரியம் இரண்டும்.

அதே சொல் கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே வருகிறது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் திரும்பிப்போன கையோடு ஏரோது ராஜா பெத்லகேமின் ஆண்குழந்தைகளைக் கொல்கிறான். பிள்ளைகளை இழந்த தாயாக அங்கே ராகேல் அழுகிறாள், ஆறுதலே வேண்டாம் என்கிறாள். குடிலில் நாம் மேய்ப்பர்களை வைக்கிறோம், ஒட்டகத்தை வைக்கிறோம், வைக்கோல்கூட மறப்பதில்லை. ராகேலை வைப்பதில்லை. ஆனாலும் டிசம்பர் 28-இல் அந்தக் குழந்தைகளை நினைப்பதற்குத் திருச்சபை ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறது.

எங்கள் கடற்கரைக்கு இது புதிதல்ல. 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. குளச்சலிலும் கீழமணக்குடியிலும் பண்டிகையும் நினைவுநாளும் இன்றுவரை அடுத்தடுத்த தேதிகள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை பக்கமிருந்து ஆழ்கடலுக்குப் போன பலர் கிறிஸ்துமஸ் வந்தும் திரும்பவில்லை. உடலும் கிடைக்காத வீட்டில் துக்கங்கொண்டாடவும் வழியில்லை. அழுதால், அவர் இனி வரமாட்டார் என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடுமே! அந்தத் துக்கத்தின் பக்கத்தில் என்னுடையதை வைக்க எனக்குத் தைரியமில்லை.

பஜனைக் குழு வந்துபோன மறுநாள், எதிர்வீட்டுப் பெரியம்மா முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொண்டுவந்தார். வசனம் எதுவும் சொல்லவில்லை. "பாட்டுக்கு அவன் குரல் எப்பவும் அரைத்தாளம் முந்தி வருமே, நினைவிருக்கா?" என்று கேட்டார். நான் சிரித்தேன், பிறகு ரொம்ப நேரம் அழுதேன். அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். 25-ஆம் தேதி கூட்டமில்லாத அதிகாலை ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பாட முடியவில்லை. சுற்றியிருந்தவர்கள் பாடினார்கள், அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால், அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்லவிடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். 14416 அரசின் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண். இலவசம், ராத்திரியிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். ஜெபம் பண்ணிக்கொண்டே போன் பண்ணலாம்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் ஸ்டார் இருக்கிறது. தெருமுனையில் ஒரு வீட்டில் இல்லை. பஜனைக் குழுப் பையன்களிடம், அந்த வாசலில் டிரம் இல்லாமல் மெதுவாக ஒரு பாட்டாவது பாடலாமா என்று முதலில் அந்த வீட்டில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். முந்திரிக்கொத்து சுட்டுவைத்தாயிற்று. சாயங்காலம் நான் போகவேண்டும். என்ன பேசுவதென்றுதான் இன்னும் தெரியவில்லை.