சத்தமாப் படி!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அடுத்த ஆண்டு ஆய்வேடு எழுதப் போகிற எம்.எட். தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘மாணவரின் வளர்ச்சியை அறிய, கல்வியியல் ஆய்வாளர் முதலில் போக வேண்டிய இடம் வகுப்பறையா, வீடா?’ வீடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார், அரங்கமே கைதட்டியது. “கற்பிக்கும் முறையை நம்மால் மாற்ற முடியும். வீட்டு வறுமையை ஓர் எம்.எட். மாணவரால் மாற்ற முடியுமா?” நல்ல கேள்வி. முடியாதுதான். ஆனால் நடுவர் அவர்களே, வீட்டை மாற்றப் போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டைத் தெரிந்துகொள்ளப் போங்கள் என்கிறோம். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்கே என் ஆய்வின் பாதி வழியில்தான் புரிந்தது.

மதுரையில் ஒரு நடுநிலைப் பள்ளி. என் தலைப்பு ‘பெற்றோர் ஈடுபாடும் எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணித அடைவும்’. ‘எப்போதும்’ தொடங்கி ‘ஒருபோதும் இல்லை’ வரை ஐந்து கட்டம் போட்ட வினாநிரலைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அம்மா அப்பாவிடம் நிரப்பி வாங்கி வாருங்கள் என்றேன். இரண்டே நாளில் வந்துவிட்டது. ராத்திரி கட்டைப் பிரித்துப் பார்த்தால், ஒரு தாளில் இருந்த கையெழுத்தை நான் அந்தப் பையனின் கணக்கு நோட்டிலேயே பார்த்திருக்கிறேன்! அடுத்த தாளும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பிள்ளையே நிரப்பிவிட்டது. ‘உங்கள் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பீர்களா?’ என்ற வரிக்கு நேரே ‘ஒருபோதும் இல்லை’.

கணினியில் ஏற்றியிருந்தால் கருதுகோள் அழகாக நிரூபணமாகியிருக்கும். ஈடுபாடு குறைவு, அடைவு குறைவு. எனக்குப் பட்டம் கிடைத்திருக்கும்.

மனசு கேட்கவில்லை, அந்த வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஒற்றை அறை. அம்மா தரையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மடியில் ஈரத்துணி, அதன் மேல் மொட்டு, கால் பெருவிரலில் மாட்டிய நார். வீட்டில் இருந்த ஒரே விளக்கு பையனின் புத்தகத்துக்கு மேலே இருந்தது. அவர் கைக்கு வெளிச்சம் வேண்டியிருக்கவில்லை, விரலே பூவைப் பார்த்துக்கொண்டது. பையன் வாய்விட்டுப் படிக்கிறான். நடுவில் சத்தம் நின்றது. அம்மா தலை நிமிரவில்லை. “ஏன்டா நின்னுபோச்சு? சத்தமாப் படி, என் காதுல விழணும்.”

நடுவர் அவர்களே, அந்த அம்மா தினமும் வீட்டுப்பாடத்தைப் பார்க்கிறார். காதால் பார்க்கிறார். என் வினாநிரலில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தப் பையனோ கணக்கில் பின்தங்கியவன். இலாபம் நட்டம் பாடத்தில் அவனுக்கு மதிப்பெண் ஒற்றை இலக்கம். “இன்னைக்குப் பூ என்ன விலைப்பா?” என்று சும்மா கேட்டேன். முகூர்த்த நாள் என்பதால் மாட்டுத்தாவணியில் கிலோ என்ன விலைக்குப் போனது, அதில் எத்தனை முழம் தேறும், முழம் என்ன விலைக்குக் கொடுத்தால் கையைக் கடிக்காது, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஏன் நட்டத்துக்காவது தள்ளிவிட வேண்டும் என்று மடமடவென்று சொன்னான். அவனுக்கு வராத பாடம் என்று எதை எழுதிவைத்திருந்தோமோ, அதை நடத்தித்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசானில் லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவருடன் இருந்த மானிடவியலாளர்களும் ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக்கி, உழைக்கும் மெக்சிகக் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறை கண்டுபிடிக்க அல்ல, அந்த வீட்டுக்கு என்ன தெரியும் என்று கேட்டு வர. ஒரு ஆசிரியை தன் மாணவன் மெக்சிகோ மிட்டாய் விற்பவன் என்று தெரிந்துகொண்டார். மிட்டாயே வகுப்பில் பாடமானது. மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு தாய் வகுப்புக்கே வந்து செய்து காட்டினார். 1992இல் வெளிவந்த அந்தக் கட்டுரையைக் கல்வியியலில் இன்றும் படிக்கிறார்கள். எதிரணி நண்பர்களே, அந்த ஆசிரியை கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டார், நீங்கள் கேட்டதும் அதுதானே? ஆனால் மாற்றத்துக்கான விதை அவருக்கு வீட்டில் கிடைத்தது.

1966இல் அமெரிக்காவில் வந்த கோல்மன் அறிக்கையைச் சகோதரி நினைவூட்டினார். சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டியிருக்கிறது என்றது அது. ‘வீடு சரியில்லை, நாங்கள் என்ன செய்ய’ என்று பள்ளிகள் கைகழுவ அது வழிவிட்டது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். வீட்டை வெளியிலிருந்து எண்ணினால் அதுதான் நடக்கும். அப்பா என்ன படித்தார், வீட்டில் எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பட்டியல் போட்டால் ஏழை வீடு எப்போதும் காலியாகத்தான் தெரியும்.

நம் ஊருக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்கு முந்தைய மாதம், அக்டோபரில், தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. கிராமப்புறத் தமிழகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்த அபிஜித் சிங், மௌரிசியோ ரோமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரின் ஆய்வு சொல்கிறது: பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் திட்டத்தால். மிச்சம் முக்கால் பங்கு என்ன என்று எதிரணி எழும். பள்ளிக்கூடத்துக்குச் சேர வேண்டியதை நான் பறிக்கவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, பெரும்பாலும் அதே தெருப் பெண்கள், தங்கள் வீட்டுப் பக்கமே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக் கிடைத்த கால் பங்கு அது. அதை எந்த வகுப்பறையில் நின்று அளப்பீர்கள்?

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். சட்டம் நாற்காலி போட்டுவிட்டது. அதில் உட்காரும் அம்மாவிடம் என்ன கேட்பது என்று சொல்லத்தான் ஆய்வு வேண்டும்.

மணி அடித்துவிட்டது. ஒரு நிமிடம், நடுவர் அவர்களே.

பழைய வினாநிரலை ஒதுக்கிவிட்டு, வீடு வீடாகப் போய் வாயால் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பூக்கட்டும் அம்மா நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து ஒன்று கேட்டார். “டீச்சர், அவன் சத்தமாத்தான் படிக்கிறான். தப்பாப் படிச்சா எனக்கு எப்படித் தெரியும்?”

இதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வியைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.