கடனை மொத்தமா அடைச்சுட்டாங்க... ஆறே வாரத்துல மறுபடியும் கடன்! ஏன்? | வட சென்னை துட்டு கணக்கு

[திரையில்: மடிப்பு விழுந்த தண்டல் அட்டை. தேதி, தொகை, கிறுக்கலா கையெழுத்து.]

ஒருத்தர் வந்து உங்க கடனையெல்லாம் அடைச்சுட்டுப் போறாருன்னு வைங்க. தண்டல் (அதான், தினம் தினம் வசூல் பண்ற வட்டிக்கடன்), கைமாத்து, அண்ணாச்சி கடை பாக்கி, எல்லாம் கிளியர். எத்தனை நாள் கடன் இல்லாம இருப்பீங்க? மனசுக்குள்ள ஒரு நம்பர் சொல்லிக்கோங்க.

இதை நிஜமாவே செஞ்சு பாத்திருக்காங்க மக்களே. நம்ம கோயம்பேடு மார்க்கெட்ல. பிலிப்பைன்ஸ்லயும் செஞ்சாங்க. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத்னு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், சந்தை வியாபாரிங்களோட வட்டிக்கடனை அடைச்சுட்டு, அப்புறம் என்ன ஆகுதுன்னு பாத்தாங்க. 2019-ல கட்டுரை வந்துச்சு. பெரும்பாலானவங்க ஆறே வாரத்துல திரும்பக் கடன்ல. ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா, கடனை அடைக்காம விட்ட ஆளுங்களும் இவங்களும் ஒரே மாதிரிதான் கடன் வாங்கிட்டு இருக்காங்க.

"ஊதாரிப் பசங்க, குடிச்சே அழிச்சிருப்பானுங்க"ன்னு டைப் பண்ணப் போற அண்ணே, கையை எடுங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து கூடை தூக்குற ஆளுக்கு உழைப்பைப் பத்தி நாம பாடம் எடுக்க வேணாம். வேற ஏதோ இருக்கு. அதான் இன்னிக்கு வீடியோ.

வணக்கம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கே நாணயம் அடிச்சுக் குடுத்த மின்ட் இருந்த ஏரியாக்காரங்க நாம. ஊருக்கே துட்டு அடிச்ச இடத்துல பொறந்துட்டு மாசக் கடைசியில ஐநூறு ரூபா கைமாத்து கேக்கறோம்னா, தப்பு எங்கேயோ கணக்குல இருக்கு.

பழைய கதையை வேகமா சொல்லிடறேன். பெரம்பூர் பின்னி மில் ஓடின காலத்துல இங்க நிறைய வீட்டுல மாசச் சம்பளம். 1918-லயே சங்கம் கட்டின தொழிலாளிங்க அவங்க. 90-கள்ல மில்லு மூடிடுச்சு. இன்னிக்கு ஆட்டோ, மீன், பழ வண்டி, இட்லிக் கடை, ஹார்பர் கூலின்னு நிறைய வீட்டுல துட்டு தினம் வருது, தினம் போகுது. பேங்க்காரன் இஎம்ஐயை மாசம் ஒருவாட்டி கேக்கறான். தண்டல்காரர் சாயங்காலம் கடை முன்னாடியே வண்டியை நிறுத்தி நூறு ரூபா வாங்கிக்கிறாரு. ஃபார்ம் கிடையாது, "நாளைக்கு வாம்மா" கிடையாது. நம்ம வருமானம் எப்படி வருதோ அப்படியே வசூல் பண்ற ஒரே ஆளு அவர்தான். அதனாலதான் இன்னிக்கும் ஓடுது. அந்த ஐடியாவை மட்டும் அவர்கிட்ட இருந்து நாம திருடப் போறோம். அதுக்கு முன்னாடி அதோட விலையைப் பாத்துடலாம்.

[திரையில்: 10,000 தண்டல். கையில் 8,500. தினம் 100. 100 நாள்.]

தொண்டியார்பேட்டையில யாரை எழுப்பிக் கேட்டாலும் கணக்கு சொல்லுவாங்க. பத்தாயிரம் தண்டல்னா ஆயிரத்து ஐநூறு முன்னாடியே பிடிச்சுப்பாங்க. கையில எட்டாயிரத்து ஐநூறு. தினம் நூறு வீதம் நூறு நாள் கட்டணும். ரேட் ஏரியாவுக்கு ஏரியா மாறும், நான் இதை வெச்சே போடறேன். "ஆயிரத்து ஐநூறுதானே, 15 பர்சன்ட்தானே, இன்னா பெருசா"ன்னு தோணுது இல்ல?

பேப்பர் எடுங்க. மொத நாள் உங்க கையில எட்டாயிரத்து ஐநூறு. அம்பதாவது நாள் என்ன இருக்கு? ஏற்கெனவே ஐயாயிரம் திருப்பிக் கட்டிட்டீங்க. அந்தத் துட்டு உங்ககிட்ட இல்ல, ஆனா வட்டி மட்டும் முழுத் தொகைக்குப் போட்டு மொத நாளே எடுத்தாச்சு. நூறு நாளையும் சேத்து சராசரி பாத்தா, அவர் துட்டு உங்க கையில இருந்தது சுமார் நாலாயிரத்து ஐநூறுதான். நாலாயிரத்து ஐநூறுக்கு ஆயிரத்து ஐநூறு வட்டி. மூணுல ஒரு பங்கு! அதுவும் நூறே நாளைக்கு. ஒரு வருஷத்துக்கு இழுத்தா 120 சதவீதத்தைத் தாண்டுது. எல்லாரும் திட்டற கிரெடிட் கார்டே வருஷத்துக்கு 40 சதவீதம் சொச்சம்தான். 15-னு நினைச்சு 120-க்குக் கையெழுத்து போடறோம்.

இருங்க, இதைவிட ஒண்ணு இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு.

கோயம்பேட்டுல அவங்க பாத்த வட்டி தண்டல் கூட இல்ல, நாள் வட்டி. காலையில ஆயிரம் வாங்கி, காய் எடுத்து, வித்து, சாயங்காலம் ஆயிரத்து அம்பது குடுக்கணும். ஒரு நாளைக்கு 5 சதவீதம். மறுநாள் காலையில மறுபடியும் ஆயிரம்.

இப்போ ஒரு அக்கா முடிவு பண்றாங்க: தினம் பத்து ரூபா என் காசு. நாளைக்கு ஆயிரத்துக்குப் பதிலா 990 வாங்கினா போதும். வட்டி 49 ரூபா 50 பைசா. அம்பது பைசா மிச்சம். அதையும் சேத்துப் போட்டா மறுநாள் கடன் 979.50. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கம்மி. இப்படியே போனா அந்த ஆயிரம் எப்போ சொந்தக் காசாகும்? ஒரு நாளைக்குப் பத்து ரூபான்னா நூறு நாள்னு சொல்லத் தோணும்.

37 நாள்! கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, எனக்காக. இத்தனை நாள் உங்களைத் தின்ன அதே 5 சதவீதம் இப்போ உங்க பக்கம் நின்னு வேலை செய்யுது. 38-வது நாள்ல இருந்து தினம் அம்பது ரூபா வீட்டுக்கு. நான் இதை மொதவாட்டி போட்டுப் பாத்தப்போ தப்பா போட்டுட்டேனோன்னு திரும்பத் திரும்பப் போட்டேன்.

அப்போ ஏன் யாரும் செய்யல? கணக்கு தெரியாமலா? கூடைக்கு எவ்ளோ நிக்கும்னு நொடியில சொல்ற ஆளுங்க அவங்க.

பதினெட்டாவது நாள் புள்ளைக்கு ஜுரம் வரும். இல்ல, மழை கொட்டி தக்காளி அழுகும். சேத்து வெச்சது அன்னிக்கே காலி. பழையபடி ஆயிரம். ரெண்டுவாட்டி இப்படி ஆனா, மூணாவது வாட்டி ஆரம்பிக்கவே மனசு வராது. எனக்கும் வராது, உங்களுக்கும் வராது. ஆறு வாரத்து மர்மம்னு மொதல்ல பில்டப் குடுத்தேனே, நான் அதை இப்படித்தான் படிக்கிறேன். கடனை அடைச்சு விட்டாங்க. ஆனா ஒரு அடி விழுந்தா தாங்கறதுக்குக் கையில ஒண்ணும் இல்ல.

இன்னொரு ஆராய்ச்சி, அதுவும் நம்ம தமிழ்நாட்டுல. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிங்க. அறுவடைக்கு முன்னாடி, கை காய்ஞ்சிருக்கும்போது ஒரு புதிர் டெஸ்ட். அறுவடைத் துட்டு வந்தப்புறம் அதே ஆளுங்களுக்கு மறுபடியும் டெஸ்ட். துட்டு இல்லாதப்போ மார்க் கம்மி. 2013-ல 'சயின்ஸ்' இதழ்ல வந்தது. ஆளு அதேதான், மூளையும் அதேதான், ஆனா பாதி மூளை "வெள்ளிக்கிழமை அவனுக்கு என்ன சொல்றது"ன்னு ஓடிட்டு இருக்கு. மாசக் கடைசியில எடுத்த முடிவுக்கெல்லாம் "நான் ஒரு முட்டாள்"னு தன்னையே திட்டிக்கிறவங்க இதைக் கொஞ்சம் கேளுங்க. "டெய்லி டீயை நிறுத்து, கோடீஸ்வரன் ஆகலாம்"னு ரீல்ஸ் போடறவனும் கேக்கட்டும். அந்த டீயாவது நிம்மதியா குடிக்கட்டும்பா.

சரி, அடி எங்கிருந்து வருது? "எதிர்பாராத செலவு"ன்னு சொல்றோம். காசிமேட்டையே எடுத்துக்கோங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். 61 நாள். காலண்டர்ல இருக்கு, வருஷா வருஷம் வருது. தடை முடியற நேரத்துல ஸ்கூல் திறந்து பீஸ். ஆடியில தெருவுல கூழ் ஊத்தறதுக்கு வரி. ஆவணி பொறந்தா கல்யாணம், மொய். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, வியாபாரம் படுத்துக்கும். நடுவுல தீபாவளி. இதுல எது எதிர்பாராதது, சொல்லுங்க? நம்ம வீட்டு நகை பீரோவுல இருந்த நாளைவிட சேட்டு கடையில இருந்த நாள்தான் ஜாஸ்தி. அதுக்கும் எங்க போகணும்னு பழகிப் போயிருக்கும்.

[திரையில்: பன்னிரண்டு மாசக் கட்டம். கையால வரைஞ்சது.]

ஒரு பேப்பர்ல பன்னிரண்டு மாசம் எழுதி, போன வருஷம் எந்த மாசம் யார்கிட்ட கை நீட்டினோம்னு மட்டும் குறிங்க. தொகை அப்புறம். எந்த மாசம் இடிக்குதுன்னு தெரிஞ்சாலே போதும்.

இப்போ தண்டல்காரர்கிட்ட திருடற ஐடியா. உங்களுக்கு நீங்களே தண்டல் போடுங்க. அதே மாதிரி ஒரு அட்டை வாங்குங்க. கடை மூடற நேரத்துல தினம் அம்பது ரூபா, தேதி போட்டு ஒரு டிக். நூறு நாள்ல ஐயாயிரம். அம்பது முடியலன்னா இருபது. ரெண்டே கண்டிஷன். ஒண்ணு, துட்டு வீட்டுல இருக்கக் கூடாது, வீட்டுல இருக்கிற துட்டுக்குக் கால் முளைக்கும். வாரம் ஒருவாட்டி போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல போடுங்க, இல்ல தினச் செலவுக்குத் தொடாத ஒரு பேங்க் கணக்குல. 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் ஆயிரம் உரிமைத்தொகை வர்ற அக்காங்களுக்கு அந்தக் கணக்கே இருக்கு, ஏடிஎம் கார்டை மட்டும் வீட்டுக்காரர்கிட்ட குடுக்காதீங்க. இன்னொண்ணு, ஜுரம் வந்து அந்தத் துட்டை எடுத்தா அதுக்காக வருத்தப்படவே கூடாது. அதுக்குத்தான் அது. மறுநாள் புது அட்டை.

"தண்டல் கட்டிட்டே எப்படிப்பா சேக்கறது?" நியாயமான கேள்வி. நடைபாதை வியாபாரம்னா மத்திய அரசோட பிஎம் ஸ்வநிதி கடன் இருக்கு. 2020-ல பத்தாயிரத்துல ஆரம்பிச்சது, இப்போ மொத கடன் பதினஞ்சாயிரம். ஒழுங்கா கட்டினா வட்டியில 7 சதவீதம் மானியமா திரும்ப வரும். மாநகராட்சி குடுத்த வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேணும், அலைய வைப்பாங்க, அதை மறைக்க மாட்டேன். ஆனா 120 சதவீதத்தை எடுத்துட்டு இதை வைக்கறதுக்கு ரெண்டு நாள் அலையலாம். வாங்கின அன்னிக்கே தண்டலை அடைங்க, புது பிரிட்ஜ் வாங்காதீங்க.

சட்டம் ஒரு வரியில: 2003 தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்துல கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் பேரோடவே இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். வீட்டு வாசல்ல வந்து மிரட்டினா ஸ்டேஷனுக்குப் போங்க. சீட்டுன்னா பதிவு பண்ண கம்பெனியான்னு கேளுங்க, நடத்தறவங்க கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாது. லோன் ஆப் பக்கம் போகவே போகாதீங்க, முடிஞ்சது.

கடைசியா ஒண்ணு, இது கணக்கு இல்ல. புருஷனுக்குத் தெரியாம பொண்டாட்டி ஒரு தண்டல், பொண்டாட்டிக்குத் தெரியாம புருஷன் ரெண்டு. ஒரே வீட்டுல மூணு அட்டை, மூணும் ஒளிச்சு வெச்சது! மறைக்கிற கடனை அடைக்க இன்னொரு கடன்தான் வாங்க முடியும், ஏன்னா வீட்டுத் துட்டைத் தொட்டா மாட்டிப்போம். அதனால ஞாயித்துக்கிழமை, மீன் குழம்பு சாப்பிட்டப்புறம், ரெண்டு பேரும் அட்டையை வெளிய எடுங்க. "ஏன் வாங்கின"ன்னு அன்னிக்குக் கேக்கக் கூடாது. எவ்ளோ, யாருக்கு, என்னிக்கு முடியுது, இவ்ளோதான். சண்டையை அடுத்த ஞாயிறு வெச்சுக்கலாம்.

உங்க ஏரியாவுல பத்தாயிரம் தண்டலுக்குக் கையில எவ்ளோ தர்றாங்க? ராயபுரம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எந்த ஏரியான்னு போட்டு நம்பரை மட்டும் கமெண்ட்ல போடுங்க, யார் பேரும் வேணாம். அடுத்த வீடியோல ஒவ்வொரு ஏரியா ரேட்டுக்கும் வருஷ வட்டி எவ்ளோன்னு போட்டுக் காட்டறேன். அட்டை ஆரம்பிச்சவங்க போட்டோ அனுப்புங்க, தொகையை மறைச்சுட்டு.