ஆழம் தெரியாமல் காலை விடாதே

(பயிற்சிக் கப்பலில் கேடட்டுகள் பயிற்சி முடித்த விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் துறைமுகத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் ஒன்றை நம்பியே கடல்கள் கடந்த மூத்த கேப்டன் அவர்களே, பெற்றோர்களே, வெள்ளைச் சீருடையில் வியர்த்துக்கொண்டு நிற்கும் கேடட் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு ஒருவரை விட்டுவிட்டேன். இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை.

முடிச்சு, விண்மீன், ஆழம் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். முடிச்சைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். போலைன் முடிச்சை இருட்டில், ஒரே கையால் போடத் தெரிய வேண்டும். மற்றக் கை எதையாவது கெட்டியாகப் பிடித்திருக்கும். விட்டால் நீங்கள் தண்ணீரில்.

ஆழத்துக்கு வருகிறேன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பாட்டி சொன்னபோது குளத்தைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தோம். கப்பலுக்கு வந்த பிறகுதான் அது முழுப் பாடத்திட்டம் என்று தெரிந்தது.

நான் கேடட்டாக இருந்தபோது ஒரு சாரங், அதாவது மாலுமிகளின் தலைவர், ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை வீச எனக்குக் கற்றுக்கொடுத்தார். கயிற்றில் 2 பாகத்தில் (ஒரு பாகம் ஆறடி) இரண்டு தோல் துண்டு, 3-இல் மூன்று, 5-இல் வெள்ளைத் துணி, 7-இல் சிவப்பு. ஒவ்வொன்றும் வேறு வேறு துணி. இருட்டில் தடவியே ஆழம் சொல்லலாம். உதட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. நான் வீசினேன், "ஏழு!" என்று பெருமையாகக் கத்தினேன். அவர் ஆழத்தைக் காதிலேயே வாங்கவில்லை. குண்டைத் தலைகீழாகத் திருப்பினார். அடிக்குழியில் அப்பியிருந்த கொழுப்பில் மணல் ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சார்ட் வரைபடத்தில் இங்கே சேறு என்றுதானே போட்டிருக்கிறது? இது மணல். நீங்க நினைக்கிற இடத்தில் கப்பல் இல்லை, தம்பி" என்றார்.

இப்போது எதற்கு இதெல்லாம், ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். ஒரு கதை சொல்கிறேன். கட்டுக்கதை இல்லை, விசாரணை நடந்து பதிவான சம்பவம்.

1995 ஜூன் 9. பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்கு ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பல் கிளம்புகிறது. 1,500 பேருக்கு மேல் இருக்கிறார்கள். கிளம்பிய சிறிது நேரத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிள் கழன்றுகொண்டது. கருவி நின்றுபோயிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். அது நிற்கவில்லை! போகும் திசையையும் வேகத்தையும் வைத்து உத்தேசமாக ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. 'டி.ஆர்.', அதாவது உத்தேசக் கணக்கு, என்று சின்ன எழுத்தில் திரையில் சொல்லத்தான் செய்தது, யார் படித்தார்கள்? காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போக, அதிகாரிகள் மணிக்கொரு முறை அந்தத் தப்பான இடத்தையே சார்ட்டில் ஒழுங்காகக் குறித்தார்கள். 34 மணி நேரம்! பாதையைக் குறிக்கும் மிதவை வர வேண்டிய நேரத்தில் ரேடாரில் ஏதோ தெரிந்தது. அதுதான் மிதவை என்றார்கள். அடுத்த மிதவை கண்ணில் படவே இல்லை. ஆனால் கேப்டன் கேட்டபோது பார்த்தாயிற்று என்று பதில் போனது. முன்னால் தண்ணீர் நீலமும் வெள்ளையுமாகத் தெரிகிறது என்று காவலுக்கு நின்றவர் சொன்னார். கப்பல் திரும்பவில்லை. மறுநாள் இரவு பத்து மணிக்கு மேல், நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் ஏறி உட்கார்ந்தது. போக வேண்டிய பாதையிலிருந்து 17 மைல் தள்ளி! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் என்ன செய்தது என்கிறீர்களா? அதன் எச்சரிக்கை மணி பூஜ்யம் மீட்டரில் வைக்கப்பட்டிருந்தது. கப்பலின் அடி தரையைத் தொட்ட பிறகு எழுப்பு என்று சொல்லிவைத்ததுபோல. ஆழம் தெரியாமல் காலை விடாதே!

துறைமுகத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் இந்த மேடைக்கு வந்ததே பெரிது, மீண்டும் நன்றி. நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி பயிற்சிப் பதிவேட்டோடு 12 மாதக் கடற்சேவை வேண்டும். அந்தப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்துகள் செய்முறையைப் பார்க்காமலே போடப்படுகின்றன என்று இந்த மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நானும் போட்டிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஒவ்வொரு பயிற்சிக் கப்பலிலும் வாரத்தில் ஒரு பகல் வாட்சில், அதாவது காவல் முறையில், கேடட்டுகளின் ஜிபிஎஸ் திரையைத் துணி போட்டு மூடுங்கள். பொறுப்பு அதிகாரி தன் திரையைப் பார்த்துக்கொள்ளட்டும். கேடட்டுகள் சூரியனையும் கரையையும் ஈயக்குண்டையும் வைத்து இடம் குறிக்கட்டும். பிறகு துணியை எடுத்துவிட்டு, எத்தனை மைல் தப்பு என்று அவர்களே அளக்கட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை.

தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. விண்மீன்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம், அவை எங்கும் போய்விடாது. இறங்கும் வழியில் ஒரு மேசை போட்டு மனுவை வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஆறு கிலோ ஈயக்குண்டு ஒன்றும் இருக்கிறது. தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடியில் கொழுப்பு தடவியிருக்கிறது. வெள்ளைச் சீருடைக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.