மகன் மேஜிக்கைத் தொழிலாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறான், விடலாமா?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். மதுரையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பார்லர் மேஜிக் கலைஞன் ஆகப்போகிறேன் என்கிறான். எந்நேரமும் கையில் சீட்டுக்கட்டுதான். இதை நம்பி ஒருவர் வாழ முடியுமா? இவர்களுக்கு வேறு எதிலுமே ஆர்வம் இருக்காதா?"

முதலில் அந்தச் சொல். பார்லர் என்றதும் நமக்கு அழகு நிலையமோ ஐஸ்கிரீம் கடையோதான் நினைவுக்கு வரும். இங்கே அது வீட்டின் வரவேற்பறை, நம் ஊர்க் கூடம். பெரிய மேடை, பெட்டிக்குள் ஆளை வைத்து அறுப்பது, யானையை மறைப்பது, இதெல்லாம் இதில் கிடையாது. ஒரே மேசையில் நாலு பேர் முகத்துக்கு நேராகச் சீட்டு விளையாட்டுக் காட்டுவதும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் இருப்பது. ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் எதிரே நின்று, கயிறு, வளையம், முட்டை, கைக்குட்டை, நாணயம் என்று கையில் கொண்டுபோகும் பொருள்களை வைத்துக் காட்டுவது. கடைசி வரிசைக்காரருக்கும் கலைஞரின் முகம் தெரியும். அவர் திருதிருவென்று விழித்தால் அதுவும் தெரிந்துவிடும். அதுதான் இதில் கஷ்டம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உபதேசம் செய்வதைவிட ஒரு மனிதரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் புளுவா என்ற ஊரில் 1805இல் பிறந்த மேஜிக் கலைஞர் ராபர்ட் ஹூடின். பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிப்பது வேறு மாதிரி, நமக்கு இது போதும். பின்னாளில் கைவிலங்குகளிலிருந்து தப்பித்துக் காட்டிப் புகழ்பெற்ற ஹூடினி, இவர் பெயரோடு ஒரு 'இ' சேர்த்துத்தான் தன் பெயரை வைத்துக்கொண்டார். பிறகு இவரையே திட்டி ஒரு புத்தகமும் எழுதினார், அது தனிக்கதை.

ஹூடினின் அப்பா கடிகாரம் செய்பவர். ஆனால் மகன் சட்டப்படிப்புப் பக்கம் போகவேண்டும் என்று ஆசைப்பட்டார். பையனை ஒரு பத்திரப்பதிவு வக்கீலிடம் எழுத்தராகச் சேர்த்துவிட்டார். அந்த அலுவலகத்தில் பறவைக் கூண்டுகள் இருந்தன. பையன் பத்திரம் எழுதுவதை விட்டுவிட்டு, பறவைகளுக்காகக் கூண்டுக்குள் குட்டிக் குட்டி இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தான். கடைசியில் அந்த வக்கீலே அப்பாவிடம் பேசி, இவனைக் கைத்தொழிலுக்கே அனுப்பிவிடுங்கள் என்றார். அம்மா, இந்த இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கடிகாரத் தொழில் பழகும்போது அதுபற்றிய புத்தகம் ஒன்றை வாங்கக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் பிரித்தால் உள்ளே விளையாட்டு வித்தைகள் பற்றிய இரண்டு தொகுதிகள். திருப்பிக் கொடுக்காமல் ராத்திரி முழுவதும் படித்தாராம். இதெல்லாம் அவரே எழுதிய சுயசரிதையில் இருப்பது. அதில் கற்பனையும் கலந்திருக்கிறது. தன் குரு என்று அவர் சொல்லும் ஆள் உண்மையில் இருந்தாரா என்றே ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். மேஜிக்காரர் எழுதிய வாழ்க்கைக் கதை, அப்படித்தான் இருக்கும்.

ஆனால் பயிற்சி பற்றி அவர் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன், ஏனென்றால் நானும் கொஞ்சம் பட்டிருக்கிறேன். நாலு பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடிக்கப் பழகினார். அது கைவந்த பிறகு, பந்துகள் பறந்துகொண்டிருக்கும்போதே எதிரே ஒரு புத்தகத்தை வைத்து வாசித்தார். பெரிய பைகள் வைத்த கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, தெருவில் நடக்கும்போது பைக்குள் கை சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். உணவு விடுதியில் ஒரு கை சூப் குடிக்கும், மறு கை பழகும்.

இதோ, இந்த ஐந்து ரூபாய் நாணயத்தைப் பாருங்கள். உள்ளங்கையின் நடுவில் வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் இடையில் கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வுவது பெரிதல்ல. கவ்விய பிறகு கை கையாகத் தெரியவேண்டும். விறைத்துவிட்டால் போயிற்று. அதே கையால் டீ டம்ளரை எடுக்கவேண்டும், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யவேண்டும். உள்ளங்கை நெல்லிக்கனி என்று சொல்லுவோம் அல்லவா, இந்தத் தொழிலில் உள்ளங்கையில் இருப்பதுதான் யாருக்கும் தெரியக்கூடாது. நான் வெறும் பொழுதுபோக்குக்காரன். ஒருமுறை உறவினர் வீட்டுக் கூடத்தில் இதைக் காட்டும்போது, எனக்குப் பின்னால் போய் நின்றிருந்த ஆறு வயதுப் பையன் "தாத்தா கையிலேயே இருக்கிறது" என்று கத்திவிட்டான். கூடத்தில் திரை கிடையாது, பார்வையாளர் பின்பக்கமும் வருவார். நம் ஊர்த் தெருவில் செப்படி வித்தை காட்டியவர்கள் சுற்றிலும் கூட்டத்தை வைத்துக்கொண்டு செய்தார்களே, அவர்களை நினைத்து அன்றைக்குத்தான் கும்பிட்டேன்.

ஹூடின் 1845 ஜூலை 3ஆம் தேதி பாரிஸில் பலே ரோயால் பகுதியில் தன் சொந்த அரங்கைத் திறந்தார். அப்போது வயது முப்பத்தொன்பது. ஏறக்குறைய இருநூறு இருக்கைகள்தான். மேடையை ஒரு பணக்கார வீட்டு வரவேற்பறை மாதிரி அமைத்திருந்தார். அதுவரை பலரும் மந்திரவாதி அங்கி போட்டுக்கொண்டு, தரைவரை துணி தொங்கும் மேசை வைத்திருப்பார்கள், அடியில் உதவியாள் ஒளிந்திருக்கலாம். இவர் விருந்துக்குப் போகிறவர் மாதிரி உடுத்தி, கால்கள் தெரியும் சின்ன மேசைகளோடு வந்தார். முதன்முதலில் செய்தவர் இவர் ஒருவரே என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிலைக்க வைத்தவர் இவர்.

முதல் நாள் படுதோல்வி என்றே அவர் எழுதுகிறார். பதற்றத்தில் படபடவென்று பேசினார், குரல் எழும்பவில்லை. மறுநாள் இழுத்து மூடிவிட முடிவு செய்தார். ஒரு நண்பர் வந்து "சரியான முடிவு, உனக்கு இது ஒத்துவராது என்று எனக்கு முன்பே தெரியும்" என்ற மாதிரி பேச, ரோஷம் வந்து மறுபடி திறந்துவிட்டார்.

1846இல் மகன் எமிலின் கண்ணைக் கட்டி, பார்வையாளர் நீட்டும் பொருளைச் சொல்லவைத்தார். அதற்காக அப்பாவும் மகனும் பழகிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பொம்மைக் கடைக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தபடி கடந்துபோவார்கள். கொஞ்ச தூரம் போய், பார்த்த பொருள்களை ஆளுக்கொரு தாளில் எழுதுவார்கள். பிறகு திரும்பி வந்து சரிபார்ப்பார்கள். அப்பா முப்பதை எட்டவே திணறுவார், மகன் நாற்பது வரை எழுதிவிடுவானாம்.

அடுத்த ஆண்டு இன்னொரு மகனை ஒற்றைக் கம்பில் சாய்த்து அந்தரத்தில் படுக்கவைத்தார். அப்போது ஈதர் மயக்க மருந்து புதிது, ஊரெல்லாம் அதே பேச்சு. பையன் மிதப்பதற்கு ஈதர்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1830களில், நம் மதராஸில் ஒரு பிராமணர் கம்பு ஒன்றில் கை மட்டும் வைத்து அந்தரத்தில் உட்கார்ந்து காட்டியது ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. சேஷால் என்று பெயர் எழுதியிருக்கிறார்கள்.

1856இல் பிரெஞ்சு அரசு இவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அடியில் மின்காந்தம் வைத்து, பலசாலி ஒருவனால் ஒரு சின்னப் பெட்டியைத் தூக்க முடியாதபடி செய்து காட்டினார். உள்ளூர் மக்களை மிரட்டி ஆளுவதற்குத் துணைபோன வேலை அது. அவர் பெருமையாக எழுதிக்கொள்கிறார், எனக்கு அதில் பெருமை தெரியவில்லை.

இனி, வேறு ஆர்வம் உண்டா என்ற கேள்வி. இவர் சொந்த அரங்கை நடத்தியது ஏழெட்டு ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு புளுவாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் குடியேறி, வீடு முழுக்க மின்கம்பி இழுத்தார். எடிசனின் விளக்குக்கெல்லாம் முன்னால் என்பதைக் கவனியுங்கள். வெளிவாசலில் தட்டினால் தூரத்தில் இருக்கும் வீட்டுக்குள் மணி அடிக்கும், அங்கிருந்தே கதவைத் திறந்துவிடலாம். வேலைக்காரர்களை எழுப்பும் மணி, அவர்கள் எழுந்துபோய் நிறுத்தும்வரை ஓயாது. குதிரை லாயத்தில், குறித்த நேரத்துக்குக் கடிகாரமே தீவனத்தைக் கொட்டும். காரணம் கேளுங்கள்: முன்பிருந்த குதிரைக்காரனுக்கு ஓட்ஸைக் காசாக மாற்றும் வித்தை தெரிந்திருந்ததாம்! கடைசிக் காலத்தில் கண் ஆராய்ச்சி. தன் கண்ணின் உட்புறத்தைத் தானே பார்த்துக்கொள்ள, நுண்ணிய துளை போட்ட ஒரு சிறு கருவி செய்தார். 1871இல் இறந்தார். அவர் பெயர் தாங்கிய அரங்கை 1888இல் வாங்கியவர் ஜார்ஜ் மெலியெஸ். சினிமாவில் தந்திரக் காட்சிகளுக்கு முன்னோடி அவர்.

ஆக, அம்மா, சீட்டுக்கட்டு மட்டுமே வைத்திருந்தவர் அல்ல இவர். மனதில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பறவைக் கூண்டுப் பையனைப் போல உங்கள் மகனும் சீட்டைத் தவிர வேறு எதையாவது பிரித்துப் பூட்டுகிறானா, எதையாவது தேடிப் படிக்கிறானா என்று பாருங்கள். வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வராது, கல்யாண மாதங்களில் வரும், ஆடியில் வராது. கல்லூரியில் சேர்த்துவிடுங்கள், சீட்டைப் பிடுங்க வேண்டாம். அடுத்த விடுமுறைக்கு உறவினர்கள் வரும்போது கூடத்தில் அவனுக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள். சீட்டு கீழே விழுந்தால் நீங்கள் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவன் என்ன சொல்லிச் சமாளிக்கிறான் என்று பார்த்து, எனக்கு எழுதுங்கள்.