ஆமைத் தீவில் ஏழு நாள்

நேயர்களுக்கு வணக்கம். குறைந்த செலவில் பல மாதங்கள் பயணம் செய்கிற ஒருவர், வழியில் ஒரு தீவில் தம் நண்பர்களைச் சந்திப்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். சுமத்ராவில் தொடங்கி, விமானம் ஏறாமல், நீரிணையைப் படகில் கடந்து, மலேசியா வழியாக வடக்கே சென்றுகொண்டிருந்த பயணத்தின் மூன்றாம் மாதத்தில், கல்லூரிக் காலத்து நண்பர்கள் இருவர் பத்து நாள் விடுப்பு எடுத்து என்னைப் பார்க்க வந்தார்கள். நாங்கள் கூடிய இடம் தாய்லாந்து வளைகுடாவில் உள்ள கோ தாவ். அந்நாட்டு மொழியில் ‘கோ’ என்றால் தீவு, ‘தாவ்’ என்றால் ஆமை. ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னஞ்சிறு தீவு அது.

நண்பர்கள் முதலில் நவம்பர் மாதத்தைத்தான் சொன்னார்கள். தாய்லாந்தின் இரு கரைகளுக்கும் மழைக்காலம் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது. விசாரிக்கும்வரை எனக்கும் தெரியாது. மேற்கே அந்தமான் கடலோரத்தில் உள்ள புக்கெட், கிராபி பகுதிகளில் தென்மேற்குப் பருவக்காற்றால் மே முதல் அக்டோபர் வரை மழை பெய்கிறது. கிழக்கே வளைகுடாத் தீவுகளிலோ, வடகிழக்குக் காற்று கடலைக் கடந்து வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. நவம்பர் அங்கே மிகவும் கடுமையான மாதம். கோ தாவில் விமான நிலையம் கிடையாது. கடல் கொந்தளித்துப் படகு நின்றால், விடுப்பில் வந்தவர்கள் கரையிலேயே இரண்டு மூன்று நாளைத் தொலைக்க வேண்டியதுதான். ஆகவே மார்ச் மாதத்துக்கு மாற்றினோம். பக்கத்துத் தீவான கோ பாங்கானின் ஹாட் ரின் கடற்கரையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பெருங்கூட்டம் கூடுவதால், அந்த நாள்களில் வளைகுடாவின் படகுகளும் அறைகளும் நெருக்கடியாகிவிடும் என்று கேள்விப்பட்டு, நாள்காட்டியில் பிறையையும் பார்த்துக்கொண்டோம்.

நாள் குறித்த பிறகுதான் என் சிக்கல் தொடங்கியது. சிக்கனமாகப் பயணம் செய்கிறவரிடம் பணம் குறைவு, நேரம் மிகுதி; பிடித்த ஊரில் நாலு நாள் கூடுதலாகத் தங்குவதும், மலிவான வண்டிக்காகக் காத்திருப்பதும் அந்த நேரத்தை நம்பித்தான். விடுப்பில் வருகிறவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு தேதி வந்துவிட்டால், விட்டுக்கொடுக்க வேண்டியவர் நேரம் உள்ளவரே என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்று நாள் இடைவெளி வைத்துப் புறப்பட்டேன். வழியில் ஒரு பேருந்து பழுதாகி நின்றதில் ஒரு நாள் போயிற்று. மீதி இரண்டு நாள் சூராட் தானி நகரில் துணி துவைக்கவும், அறுந்த பைவாரைத் தூண்டில் நரம்பால் தைக்கவும் பயன்பட்டது.

சூராட் தானியிலிருந்து இரவில் தாமதமாகப் புறப்படும் படகு விடியற்காலையில் கோ தாவை அடைகிறது. கீழ்த்தளத்தில் தீவுக்கான சரக்கு. மேல்தளத்தில் இருபுறமும் மெல்லிய மெத்தைகளை நெருக்கி விரித்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் சுவரில் ஓர் எண் எழுதியிருந்தார்கள். காலணிகளைக் கழற்றிவிட்டு, பயணச்சீட்டில் இருந்த எண்ணைத் தேடிப் படுத்துக்கொண்டேன். படகில் உறங்குவதால் ஓர் இரவு அறை வாடகை மிச்சமாகிறது என்பது என்னைப் போன்றவர்களுக்குச் சிறிய விஷயமன்று. நண்பர்கள் பாங்காக்கில் இறங்கி, இரவு ரயிலில் சும்போன் வந்து, அங்கிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்வதாக ஏற்பாடு. ஏதேனும் தவறினால் யாரும் யாரையும் தேடி அலையக் கூடாது. மே ஹாட் படகுத்துறையில் ஒவ்வொரு படகுக்கும் நான் வந்து நிற்பேன் என்று முன்பே எழுதியிருந்தேன். சந்திப்புக்குத் தீவு பொருத்தமாக அமைவது இதனால்தான். வந்து இறங்கும் வழி ஒன்றேயாக இருக்கும்போது தவறவிடுவது கடினம். அந்த ஒரே வழி ஒரு காலத்தில் வேறு நோக்கத்துக்கும் உதவியிருக்கிறது. அப்போது இந்தத் தீவு அரசியல் கைதிகளை அடைத்துவைக்கும் சிறையாக இருந்தது.

பணத்தைப் பற்றிய பேச்சைத்தான் நண்பர்கள் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். மனக்கசப்பும் அங்கேதான் முளைக்கிறது. பத்து நாளுக்காகச் சேர்த்துவைத்த பணத்தோடு வருகிறவருக்கும், அதே அளவு பணத்தை ஒரு பருவம் முழுவதும் நீட்டிக்க வேண்டியவருக்கும் ஒரே விலைப்பட்டியல் ஒன்றுபோலத் தெரியாது. எங்களில் ஒருவன் புறப்படுவதற்கு முன்பே, “உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கட்டுப்படியாகும்? கூச்சப்படாமல் சொல்” என்று கேட்டுவிட்டான். தாய்லாந்துப் பணத்தில் 800 பாட் என்று சொன்னேன். அந்தக் கேள்விக்காக இன்றும் அவனுக்கு நன்றியுடையவனாக இருக்கிறேன். மூவரும் சமமாகப் போட்ட தொகையைப் பொதுப் பையாக வைத்துக்கொண்டு, அறை, குடிநீர், தீவுக்குள் போகவர ஆகும் செலவு ஆகியவற்றை அதிலிருந்து கொடுத்தோம்; மற்றவை அவரவர் பொறுப்பு. குளிர்சாதன அறைக்கும் மின்விசிறி அறைக்கும் இருந்த வாடகை வித்தியாசத்தை அவர்கள் ஏற்றார்கள். முதல் நாள் அதை மறுத்து நான் பிடிவாதம் பிடித்தது தவறு. நண்பர்கள் மனமுவந்து தருவதையெல்லாம் கடனாக எண்ணிக் கணக்குப் பார்த்தால், அவர்கள் அவ்வளவு தூரம் வந்ததற்கே பொருளில்லாமல் போய்விடும்.

கோ தாவ் ஆழ்கடல் மூழ்குநீச்சல் பயிற்சிக்குப் பெயர்போன இடம். தொடக்கநிலைப் பயிற்சியின் கட்டணம் என் இரண்டு வாரச் செலவுக்குச் சமமாக இருந்ததால், அவர்கள் இருவரும் பயிற்சிக்குச் சென்ற நாள்களில், நான் கரையோரத்தில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் வைத்து நீந்தினேன். மாலையில் சைரீ கடற்கரையில், பதினெட்டு மீட்டர் ஆழத்தில் தாங்கள் பார்த்ததை அவர்களும், இடுப்பளவு நீரில் பவளப்பாறை இடுக்கில் நான் பார்த்ததை நானும் சொல்லிக்கொண்டிருப்போம். எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது எங்களுக்கு உதவியாகவே இருந்தது. மூன்று மாதம் பெரும்பாலும் தனிமையில் கழித்த எனக்கு, ஒரே நாளில் அத்தனை தமிழும் சிரிப்பும் சற்றுத் திணறலாகக்கூட இருந்தது.

மூழ்குநீச்சலுக்குப் போகிறவர்கள் திரும்பும் நாளையும் முன்கூட்டியே எண்ணிவைக்க வேண்டும். ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும். அழுத்தம் குறைந்த விமானத்தில் உடனே ஏறினால், அது குமிழிகளாகி ஆபத்தை விளைவிக்கும். தொடர்ந்து பல முறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. கடல்மட்டத்தை ஒட்டி ஓடும் படகும் ரயிலும் அந்தக் காத்திருப்பைத் தாமாகவே தந்துவிட்டன.

புறப்படுவதற்கு முந்தின இரவு, என் பையைத் தரையில் கொட்டினோம். நான் கேட்டிருந்த புதுச் செருப்பையும் மருந்துகளையும் அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள்; எழுதி முடித்த இரண்டு நோட்டுகளையும், சுமத்ராவின் மலைப்பகுதிக்காக வாங்கி அதன்பின் வெறுமே சுமந்துவந்த கம்பளிச் சட்டையையும் தங்கள் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் சும்போன் படகு அவர்களை ஏற்றிக்கொண்டு முனையைத் தாண்டி மறைந்தது. அன்றிரவு சூராட் தானிப் படகின் மெத்தையில் உட்கார்ந்து, வழக்கம்போலச் செலவெழுத நோட்டைப் பிரித்தேன். பொதுப் பை நண்பனிடம் இருந்ததால், அந்த ஏழு நாள் கணக்கு மட்டும் அவனுடைய சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு, படகுக் கட்டணத்தை எழுதினேன்.