பெருநதியின் மக்கள்

அவைத் தலைவர் அவர்களுக்கும் இங்கே கூடியிருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது பிங்கா என்ற மாவட்டத்தைப் பற்றி. ஜிம்பாப்வே நாட்டின் வடமேற்கில், மட்டபெலேலாந்து வடக்கு மாகாணத்தில், கரிபா ஏரியின் தென்கரையை ஒட்டி அது கிடக்கிறது. 2012ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே 1,30,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் டோங்கா மக்கள். நம்பியா, ந்தெபெலே, ஷோனா மொழிகளைப் பேசும் குடும்பங்களும் உண்டு. பசிபிக் கடலிலுள்ள டோங்கா தீவுகளுக்கும் இவர்களுக்கும் பெயர் ஒன்றாயிருப்பதைத் தவிர வேறு தொடர்பில்லை.

ஜிம்பாப்வேயின் மிக ஏழ்மையான மாவட்டங்களைச் சொல்லச் சொன்னால் பிங்காவின் பெயர் முதல் சிலவற்றுக்குள் வந்துவிடும். மழை குறைவு, வெயில் கடுமை, மண் மெலிவு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அவை மூன்றும் உண்மைதான். ஆயினும் அந்த மெலிந்த மண்ணுக்கு இந்த மக்கள் எப்போது வந்தார்கள், யார் அவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தால், பிங்காவின் வறுமைக்கு ஒரு பிறந்த தேதி இருப்பது தெரியும். அதைச் சொல்லவே நான் இங்கே நிற்கிறேன்.

டோங்கா மக்கள் தங்களை பாசில்விசி என்று சொல்லிக்கொள்வார்கள். பெருநதியின் மக்கள் என்பது அதன் பொருள். அந்தப் பெருநதி ஜாம்பெசி. அதன் இரு கரைகளிலும் பல தலைமுறைகளாக அவர்கள் குடியிருந்தார்கள். மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் கம்பும் சோளமும் விதைப்பார்கள். வெள்ளம் வடிந்த பிறகு, ஆறு விட்டுச்சென்ற வண்டல் ஈரம் காய்வதற்குள் கரையோரத் தோட்டங்களில் இரண்டாவது முறை விதைப்பார்கள். மேட்டில் மழை பொய்த்தாலும் கரையில் ஏதாவது விளையும். மழை குறைந்த அந்தப் பள்ளத்தாக்கில் மக்கள் நிலைத்து வாழ முடிந்தது இந்த இரண்டு விளைச்சலால்தான். ஆற்றை அவர்கள் எல்லையாக நினைத்ததில்லை. வடகரையில் பெண் எடுத்தவர் தென்கரையில் இருப்பார். ஒரு கரையில் சாவு விழுந்தால் மறுகரையிலிருந்து உறவினர்கள் மரத் தோணியில் வந்து சேர்வார்கள். தாய்வழி மரபினரான அவர்களுக்குக் குலமும் உரிமையும் தாய் வழியாக வருபவை. அந்தக் குலங்கள் ஆற்றின் இரு பக்கமும் பரவியிருந்தன.

1950களில் அந்தப் பகுதி ரொடீஷியா, நியாசாலாந்து கூட்டாட்சி என்ற பிரித்தானியர் ஆட்சியின் கீழ் இருந்தது. வடக்கே செப்புச் சுரங்கங்களுக்கும் தெற்கே தொழிற்சாலைகளுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதற்காக, கரிபா என்ற குறுகலான இடத்தில் ஜாம்பெசியை மறித்து அணை கட்ட முடிவாயிற்று. உலக வங்கி 1956இல் 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. 128 மீட்டர் உயரமுள்ள வளைவுச் சுவர் எழும்பியது. 1957இலும் 1958இலும் அதுவரை காணாத வெள்ளம் வந்து வேலையைக் குலைத்தது. நியாமிநியாமி என்ற ஆற்றுத் தெய்வத்தின் சினம் அது என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. பாம்பு உடலும் மீன் தலையுமாகச் செதுக்கிய அந்தத் தெய்வத்தின் கைத்தடிகள் இன்று சுற்றுலாக் கடைகளில் விற்கின்றன. ஆனால் பள்ளத்தாக்கு மக்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு மலெண்டே எனப்படும் மழை வேண்டும் இடங்களும், முன்னோரைப் புதைத்த நிலமும் தண்ணீருக்குள் போனதுதான் என்பது என் எண்ணம். மழை கேட்கப் போகும் இடமே மூழ்கிவிட்டால் மழையை எங்கே நின்று கேட்பது?

இரு கரைகளிலுமாக ஏறத்தாழ 57,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் சுமார் 23,000 பேர் தென்கரையைச் சேர்ந்தவர்கள். லாரிகளில் ஏற்றி, ஆற்றிலிருந்து தொலைவிலுள்ள வறண்ட காட்டு நிலங்களில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் பின்னாலேயே உங்களிடம் வந்துசேரும் என்று அப்போது தங்களுக்குச் சொல்லப்பட்டதாக பிங்காவின் முதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார்கள். இன்று ஜாம்பியா நாட்டிலுள்ள வடகரையில், குவெம்பே பகுதியில், தலைவர் சிப்பெபோவின் மக்கள் நகர மறுத்தார்கள். 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் அவர்கள் ஈட்டிகளோடு எதிர்த்து நின்றபோது காவல்படை சுட்டது. எட்டுப் பேர் இறந்தார்கள். பிறகு எல்லாரும் லாரியில் ஏறினார்கள். வடகரை மக்களுக்கு ஓரளவு இழப்பீடாவது வந்தது. தென்கரை மக்களுக்குப் பேர் சொல்லும்படியாக எதுவும் கிடைக்கவில்லை.

இதோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. ஏரி நிறையத் தொடங்கியதும் மேடுகளில் சிக்கிக்கொண்ட விலங்குகளை மீட்க, பைபிள் கதையில் பெருவெள்ளத்திலிருந்து உயிர்களைக் காத்த நோவாவின் பெயரால் ஒரு பெரிய முயற்சி நடந்தது. மானும் காண்டாமிருகமும் பாம்பும் உட்பட 6,000க்கு மேற்பட்ட உயிர்களைப் படகுகளில் கரை சேர்த்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைப் படத்தோடு எழுதின. அந்த மீட்பை நான் குறை சொல்லவில்லை. உயிரைக் காப்பது நல்ல செயல். ஆனால் அதே ஆண்டுகளில் அதே கரையிலிருந்து லாரிகளில் போன மனிதர்களைப் பற்றி உலகம் அவ்வளவு அக்கறையோடு கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

புதிய இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விதைப்பு. மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. செட்சே ஈக்கள் பரப்பும் நோயால் மாடு வளர்ப்பது கடினம் என்பதால் ஆடுகளே செல்வமாயின. முற்றிய கதிரை யானைகள் ஓர் இரவில் தின்று தீர்த்துவிடும். 1980களின் இறுதியில், காட்டு விலங்குகளால் வரும் வருமானத்தில் ஊரக மாவட்ட மன்றங்களுக்குப் பங்கு தரும் திட்டம் ஜிம்பாப்வேயில் தொடங்கியது. நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம்தான். ஆனால் மாவட்ட மன்றத்துக்கு வந்த பணம், யானையால் பயிரிழந்த வீட்டின் அடுப்பு வரை போய்ச் சேர்வது எளிதாக இருக்கவில்லை.

பஞ்ச காலத்தில் அங்கே என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். புளி. நம் வீட்டுக் குழம்பில் கரையும் அதே புளிதான். புளிய மரத்தின் தாயகமே ஆப்பிரிக்காதான். டோங்கா மொழியில் புளிக்கு புசீக்கா என்று பெயர். புளியை ஊறவைத்து, அதன் கடும்புளிப்பு தணியச் சாம்பல் சேர்த்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். நமக்குச் சுவைக்குச் சேர்க்கும் பொருள். அவர்களுக்கு மழை பொய்த்த மாதங்களில் வயிற்றுக்கு ஆகாரம்.

அடுத்து ஏரி. சுமார் 280 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தால், அதன் கரையில் இருப்பவர்களுக்கு மீனுக்கு என்ன குறை என்று தோன்றும். 1967, 1968ஆம் ஆண்டுகளில் டாங்கனீக்கா ஏரியிலிருந்து கப்பெண்டா என்ற சிறு மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் நெத்திலியைப் போல உலர்த்தி விற்கும் மீன் அது. அதைப் பிடிக்க மிதவை மேடை வேண்டும், இரவில் மீனைக் கவர விளக்கு வேண்டும், வலையை மேலே தூக்கும் பொறி வேண்டும், உரிமம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முதல் போட முடிந்தவர்கள் வெளியூர்க்காரர்களாகவே இருந்தார்கள். ஆற்றைப் பிறந்தது முதல் அறிந்தவர்கள், ஏரியில் கூலிக்கு வேலை செய்பவர்களாகவோ, கரையோரத்தில் வலை வீசி முதலைக்கு அஞ்சி வாழ்பவர்களாகவோ ஆனார்கள்.

மின்சாரத்தின் கதை இன்னும் கசப்பானது. அணையிலிருந்து புறப்பட்ட கம்பிகள் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போயின. அணைக்காக எழுந்துபோன மக்களின் கிராமங்களில் பல, தலைமுறைகள் கடந்தும் மண்ணெண்ணெய் விளக்கிலும் விறகிலும் இருந்தன. அண்மை ஆண்டுகளில் ஏரியே வற்றியிருக்கிறது. 2022ஆம் ஆண்டு நவம்பரில் மின் உற்பத்திக்குப் பயன்படும் நீர் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியபோது, தென்கரை மின்நிலையத்தை நிறுத்தச் சொல்லும் நிலை வந்தது. தலைநகர் ஹராரே இருளில் மூழ்கியதாகச் செய்திகள் எழுதின. பிங்காவின் பல வீடுகளில் அன்றைய இரவு முந்தைய இரவைப் போலவே இருந்திருக்கும்.

ஆயினும் இந்த மக்களை இழந்தவர்களாக மட்டும் உங்கள் முன் நிறுத்திவிட்டு நான் அமர்ந்தால் அது பெரும் தவறு. மொழிக்காக அவர்கள் போராடியதைச் சொல்ல வேண்டும். 1980களில் டோங்கா போன்ற மொழிகளைத் தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகள் வரை மட்டுமே கற்பித்தார்கள். அதற்கு மேல் ஷோனாவோ ந்தெபெலேயோ படிக்க வேண்டியிருந்தது. வீட்டில் பேசும் மொழி பள்ளியில் மூன்றாண்டுக்கு மேல் செல்லாது என்றால், பிள்ளைக்கு அது கற்பிக்கும் பாடம் என்ன என்பதைத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊர்த் தலைவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் விடாமல் வாதாடினார்கள். 2011இல் ஏழாம் வகுப்பு அரசுத் தேர்வில் டோங்கா முதன்முறையாக ஒரு பாடமாயிற்று. 2013ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதிகாரபூர்வமாக ஏற்ற 16 மொழிகளில் டோங்காவும் ஒன்று.

அவர்களுடைய இசையையும் சொல்ல வேண்டும். ங்கோமா புந்திபே என்பது சாவு வீட்டில் முழங்கும் இசை. பல அளவுகளில் பறைகள். அவற்றோடு நியெலே எனப்படும் மான்கொம்புகள். ஒவ்வொரு கொம்பும் ஒரே ஒரு சுரத்தைத்தான் ஊதும். ஒருவர் தனியாக நின்று ஒரு பாட்டையும் ஊத முடியாது. இருபது பேர், முப்பது பேர் தத்தம் சுரத்தைத் தத்தம் நேரத்தில் ஊதிக்கொண்டு, ஓடியும் சுழன்றும் ஆடியும் வரும்போதுதான் பாட்டு உருவாகிறது. லாரிகளில் ஏற்றி ஆளுக்கொரு திசையில் இறக்கிய ஒரு சமூகம் இப்படியொரு இசையைக் கைவிடாமல் வைத்திருந்தது என்றால், அதற்காக அவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கூடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

2002ஆம் ஆண்டு, இடம்பெயர்க்கப்பட்டவர்களின் சார்பில் பாசில்விசி என்ற பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கியது. ஆற்று நீரிலும் மீனிலும் காட்டிலும் தங்களுக்கு உரிய பங்கு எது என்று அது கேட்கிறது. சலுகை என்ற சொல்லை விட்டு உரிமை என்ற சொல்லால் அவர்கள் பேசுவதை நான் மதிக்கிறேன். அண்மைக் காலத்தில் பிங்காவின் ஏரிக்கரைப் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து, ஆண்களும் வெளியூர் முதலாளிகளும் மட்டுமே நடத்திவந்த கப்பெண்டாத் தொழிலில் இறங்கினார்கள். கூடை முடைந்து விற்றுவந்த கைகள் மிதவை மேடையின் வலைக்கயிற்றைப் பிடித்தன. அவர்களுடைய பாட்டிமார் தோட்டம் போட்ட வண்டல் அந்த ஏரியின் அடியில் கிடக்கிறது. அதற்கு மேலே, இரவில், தங்கள் சொந்த மேடையில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அவர்கள் மீனுக்குக் காத்திருக்கிறார்கள்.

நன்றி. வணக்கம்.